நடுவிலிருந்து எழுதுகிறவர்கள்

பதினேழாம் எண் வீட்டுக்குள் எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனாலும் கால் மணி நேரத்தில் அதிலுள்ள எழுத்தெல்லாம் தரையில் உதிர்ந்துவிடும். பாடப்புத்தகம், மருந்துச் சீட்டு, கடையில் பொருள் சுற்றிக் கொடுத்த பழைய செய்தித்தாள், எதுவானாலும் ஒன்றுதான். படம் உதிராது, கோடு உதிராது. எழுத்தும் எண்ணும் மட்டும் எள்ளைவிட லேசாக, கரிப்பொடி மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. மணல் விலை ஏறியதைப் பேசுவதுபோல எப்போதாவது பேசுவார்கள், அவ்வளவுதான். மொத்தம் முப்பத்தொரு வீடு. அதில் பத்தொன்பதில் எழுத்து உதிரும். நர்ஸம்மா வீட்டில் பாதிதான் உதிரும், அதுவும் நீளமான சொற்கள். எட்டாம் எண்ணில் இருந்த கணக்காளர் வீட்டில் ஒன்றுமே உதிராது; அங்கே வெற்றுத் தாளை மேசைமேல் மறந்து வைத்தால் விடிவதற்குள் நாலு வரி தானாக வந்து உட்கார்ந்திருக்கும், பிழையில்லாமல். பள்ளிக்கூடத்தில் இதற்கு வீட்டுக் காற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். மதிப்பெண் அட்டையில் கடைசிக் கட்டம் அதற்கென்றே இருந்தது. பதினேழாம் எண்ணுக்கு எப்போதும் 'மோசம்' என்று போடுவார்கள். அட்டை வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சொல்லும் உதிர்ந்துவிடும் என்பதால் பெற்றவர்களுக்கு அது தெரிந்ததே இல்லை.

அந்த வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரில் பாதிக் குளியலறைகளின் தரை அவர் கைபட்டதுதான். குந்தியே வேலை செய்து முழங்கால் இரண்டும் காய்த்துப்போய், எழுந்து நிற்கும்போது கதவுக் கீல் மாதிரிச் சத்தம் போடும். அவர் மனைவி சலவைக்கூடத்தில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். மூத்த பெண்ணை எல்லாரும் பெரியவள் என்றே கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த இரண்டாவதைக் கையில் வாங்கிப் பார்த்த தகப்பன், "என்ன இது, உடைஞ்ச சில்லு மாதிரி இத்துனூண்டு இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவள் சில்லு.

பெரியவள் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாள். வருஷா வருஷம் புதுப் புத்தகம் வரும், வந்த அன்றே வெள்ளையாகும். வாசலில் வைத்துப் படிக்கலாம் என்றால் வாசல்படியிலும் உதிரும். தெருவில் போய் உட்கார்ந்தால் லாரி வரும், மழை வரும், அம்மா கூப்பிடுவாள். உதிர்ந்ததை அம்மா காலையில் எழுந்ததும் பெருக்கி அள்ளிச் சாக்கடையில் கொட்டினாள். அது எழுத்துதான் என்று அவளுக்குத் தெரியும். தலை வாரும்போது முடி உதிர்கிறது, அதை யாராவது எடுத்து வைத்துக்கொள்கிறார்களா என்ற மாதிரி நினைப்பு. சுத்தம் பார்க்கிற மனுஷி, ஒரு புள்ளியைக்கூட விட்டுவைத்ததில்லை. பெரியவள் வெள்ளைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் காதால் கேட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு தேர்வில் வாயால் விடை சொல்லியே ஒப்பேற்றினாள்; எழுத்து அவளிடம் தங்கவே இல்லை. எட்டாவது வருஷ முடிவில் தலைமையாசிரியை அவள் அப்பாவைக் கூப்பிட்டு, நல்ல பொண்ணுதான், கெட்டிக்காரிதான், ஆனா வீட்டுக் காத்து இப்படி இருக்கே, என்ன செய்யறது என்றார். மறுவாரம் அவள் அம்மாவுக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்க ஆரம்பித்தாள். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது அவள் முன்னால் காற்று என்று சொன்னால், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள்.

அவளுக்குப் பதினைந்து நடக்கும்போது சில்லு தன் முதல் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் புத்தகம் வெறும் படமாகக் கிடந்தது. தரையில் சாம்பல் தூவியது போல எழுத்து. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியவள் ஓடிவந்து துடைப்பத்தின் மேல் காலை வைத்தாள்.

"காலை எடுடி, வேலைக்கு நேரமாச்சு."

"எடுக்க மாட்டேன்."

"இதை வெச்சு என்ன பண்ணப்போற, கண்ணுக்கு மை தீட்டப்போறியா?"

"என்னோடதை எட்டு வருஷம் பெருக்கினே. இவளோடது ஒரு நாள்கூடப் போகக் கூடாது."

அம்மா துடைப்பத்தை விட்டுவிட்டாள். விட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு வந்தார். ஈர முகத்தோடு குந்தி உட்கார்ந்து ஒரு எழுத்தை விரல்நுனியில் ஒற்றி எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதர். தரையில் கிடக்கிற துண்டு எதுவும் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கும் என்பது அவர் அனுபவம்.

"விழுந்ததுதானே," என்றார். "ஒட்டிடலாம்."

அன்றைக்கு மூன்று பேரும் வேலைக்குத் தாமதம். முதலில் வகை பிரித்தார்கள். அப்பா டைல்ஸ் அட்டைப்பெட்டிகளை வெட்டித் தட்டு செய்து கொடுத்தார். சுழி உள்ளவை ஒரு தட்டில், கால் உள்ளவை ஒன்றில், கொம்பு உள்ளவை ஒன்றில். வீட்டில் அவற்றின் பெயர் தெரிந்தவள் சில்லு மட்டும்தான், அவளும் கரும்பலகையில் பார்த்த அளவுக்கு. புள்ளிகள்தான் உயிரை எடுத்தன. யாராவது தும்மினால் பத்து புள்ளி பறந்துவிடும். அவற்றைப் பொறுக்கும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டாள். வெள்ளை விரிப்பில் ஒட்டிய தூசியை ஈர விரலால் ஒற்றி எடுத்து எடுத்து அவள் கை அப்படிப் பழகியிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டாமல் இருக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வெள்ளை சிமெண்டில் ஒட்டிப் பார்த்தார் அப்பா, பக்கம் காய்ந்து வெடித்தது. டைல்ஸ் பசையில் ஒட்டினால் புத்தகம் செங்கல் கனம் கனத்தது. கடைசியில் மைதாவைத் தண்ணீராகக் காய்ச்சி, அதில் துளி வெள்ளை சிமெண்ட் கலந்தார். அது பிடித்துக்கொண்டது. ஒருமுறை ஒட்டிய எழுத்து பிறகு உதிரவே இல்லை, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும்.

எந்த எழுத்துக்குப் பிறகு எது என்பதைக் கணக்காளர் மகன் தீர்த்துவைத்தான். அவனும் சில்லு வகுப்புதான். சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி பாடத்தை உரக்கப் படிப்பான். பெரியவள் அவன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, ஒரு வரியைக் காதில் வாங்கிக்கொண்டு, அது சிந்தாமல் வேகமாக நடந்து வந்து சொல்லுவாள். சில்லு அதை எழுத்தெழுத்தாக உடைத்துச் சொல்லுவாள். அப்பா தட்டிலிருந்து எடுத்து ஒட்டுவார். ஒரு பக்கத்துக்குப் பதினாறு நடை, இருபது நடை. ஒருநாள் கணக்காளர் ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, "எதுக்கும்மா இந்த அலைச்சல்? உங்க வீட்டுல இதெல்லாம் ஒட்டாது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"ஒட்டுறதுதாங்க எங்க அப்பா தொழிலே," என்றாள் பெரியவள். "தம்பியை அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க."

இதில் ஒரு தப்பு நடந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவன் எவனும் சுவரோரமாகத் தொடங்க மாட்டான். இரண்டு பக்கமும் நூல் பிடித்து, நீலப்பொடி தடவித் தட்டி, அறையின் நட்டநடுவைக் கண்டுபிடித்து, முதல் கல்லை அங்கே வைப்பான். அங்கிருந்து நாலு பக்கமும் பரவிக்கொண்டு போனால்தான் ஓரம் கோணாமல் வரும். அப்பா பக்கத்துக்கும் அப்படியே நூல் பிடித்தார். பாடத்தின் முதல் வரியை நடுவில் ஒட்டினார். இரண்டாவதை அதற்குக் கீழே, மூன்றாவதை மேலே, நாலாவதைக் கீழே. சில்லு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர் மேலேர்ந்துதான்பா எழுதுவாங்க" என்றாள்.

"மேலேர்ந்து ஆரம்பிச்சா கீழ போய்ச் சேர்றப்போ கோணிக்கும் கண்ணு. உங்க டீச்சர் எத்தனை தரை போட்டிருக்காங்க?"

ஆறு வயதுக் குழந்தை அடுத்த வரியின் எழுத்தைச் சொல்லத் தொடங்கியது. பெரியவளுக்கும் அப்பா சொன்னதே சரியாகப் பட்டது. அந்த ஊரில் அப்பா போட்ட தரையில் எதுவும் பெயர்ந்ததில்லை.

எட்டு வருஷம் போயிற்று. முப்பத்தாறு புத்தகம் ஒட்டினார்கள். ஒட்டி ஒட்டியே வீட்டில் எல்லாருக்கும் எழுத்து வந்துவிட்டது. முதலில் பெரியவளுக்கு, கேட்ட வரியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வழியில் கடைப் பலகைகளில் அதே எழுத்துகளைக் கண்டு ஒருநாள் தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். பிறகு அம்மாவுக்கு; படுக்கை விரிப்பு மூலையில் இருந்த குறியைத் திடீரென்று ஒருநாள் 'பிரசவ வார்டு' என்று வாய்விட்டுப் படித்தாள், சலவைக்கூடமே திரும்பிப் பார்த்தது. கடைசியாக அப்பாவுக்கு, நாற்பத்தாறு வயதில். அவருக்கு நடுவிலிருந்து படிக்கிற வழக்கம் போகவே இல்லை. பஸ்ஸின் பலகையில் நடுவில் இருக்கிற ஊரைப் படித்துவிட்டு ஏறி, வேலைக்குப் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் பதினொரு கிலோமீட்டர் போனதும் உண்டு. சில்லு கரும்பலகையை மற்றவர்கள் மாதிரி மேலிருந்து படிப்பாள். ஆனால் தாளில் எழுத உட்கார்ந்தால் கை நடுவுக்குத்தான் போகும். மேலே தொடங்கினால் கூரைமேல் நின்று எழுதுகிற மாதிரி தலை சுற்றுகிறது என்றாள். வகுப்பு டீச்சர்கள் முதலில் அடித்துப் பார்த்தார்கள், மதிப்பெண்ணைக் குறைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களும் நடுவில் விரலை வைத்துத் திருத்தப் பழகிக்கொண்டார்கள். விடை சரியாகவே இருந்தது, அதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

எட்டாவது வருஷ முடிவில் வருவது மேல்படிப்புத் தேர்வு. அதில் அறுபது எடுத்தால் பெரிய பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் கிடைத்த வேலை. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் எழுதுகிற தேர்வு. தாள் திருத்துவது தேர்வு அலுவலகம். முடிவு வந்தபோது கணக்காளர் மகன் தேறியிருந்தான். சில்லுவுக்குச் சுழியம். காரணம் என்ற இடத்தில், முதல் வரி முதலாக இல்லை, வீட்டுக் காற்று, என்று இரண்டு முத்திரை குத்தியிருந்தது. சில்லு அந்தத் தாளை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வாசலுக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தால் உதிர்ந்துவிடுமே, அக்கா படிக்கணுமே என்றாள்.

பெரியவள் தெருவில் நின்று படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு தங்கையைக் கையைப் பிடித்து அப்படியே தேர்வு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் அப்பா முழங்கால் சத்தத்தோடு நடந்தார். தேர்வு அதிகாரி மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு அட்டவணை தொங்கியது. முப்பது வருஷத்துப் பிள்ளைகளின் கணக்கு. மேல் வரிசையில் தாயும் தகப்பனும் படித்த வீடு, அடுத்ததில் ஒருவர் மட்டும் படித்த வீடு, இப்படியே இறங்கி, கடைசி வரிசையில் யாரும் படிக்காத வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பிள்ளைகள் எதுவரை போனார்கள் என்று எண் இருந்தது. அதிகாரி பிரம்பால் கடைசி வரிசையைத் தொட்டுக் காட்டினார்.

"நான் சொல்லலைம்மா. முப்பது வருஷம் சொல்லுது."

"முப்பது வருஷமா தாளை நடுவுல இருந்து படிச்சுப் பார்த்தீங்களா சார்?"

"அதுக்கு விதி இல்லை."

அப்பா அதுவரை குனிந்தே இருந்தார். இப்போதும் நிமிரவில்லை. "இந்தத் தரை நான் போட்டதுதான் சார்," என்றார். "உங்க மேசைக்கு அடியில இருக்கிற கல்லுல இருந்துதான் ஆரம்பிச்சேன். எங்கயாவது கோணியிருக்கா, பாருங்க." அதிகாரி மேசைக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் கோணியிருக்கவில்லை. இருந்தாலும் விதி இல்லை என்றார். பெண்ணுக்குச் சலவைக்கூடத்தில் இடம் கிடைக்கும், நானே சொல்கிறேன் என்றும் சொன்னார். அதை நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் அம்மாவும் அவளும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள், உதறுவார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையை ஒப்படைப்பார்கள். இயந்திர இரைச்சலில் பேசுவதென்றால் அந்த ஒரு நொடிதான். அதனால் அவர்கள் பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

"காத்து வீட்டோடதா, நம்மளோடதா?" என்றாள் அம்மா, முதல் விரிப்பில்.

"என்ன கேக்கறே?" இரண்டாவதில்.

"வீட்டோடதுன்னா வீடு மாறிடலாம். நாமளும் மூணு வீடு மாறியாச்சு. மூணுலயும் உதிர்ந்துச்சு." மூன்றாவதில்.

"அப்ப நம்மளோடது."

"நம்மளோடதுன்னா," என்று அம்மா நாலாவது விரிப்பை வாங்கிக்கொண்டாள், "நாம எங்க குடியிருக்கோமோ அங்க வரும்ல."

பெரியவள் ஐந்தாவது விரிப்பை உதற மறந்து நின்றாள். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழு இழுத்து, "நிக்காதே, மடி" என்றாள்.

திங்கள்கிழமை காலை பத்தரைக்கு ஒரு மனுவைக் கொடுத்து, காத்திருங்கள் என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் நாலு பேரும் தேர்வு அலுவலகத்துக்குக் குடிவந்தார்கள். இரண்டு பாய், ஒரு பம்பு ஸ்டவ், பானை, தட்டு நாலு, துவைத்த துணி ஒரு வாளி. மனு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் தூணோரமாகப் பாயை விரித்தார்கள். பியூன் வந்து, இங்கெல்லாம் உட்காரக் கூடாது என்றார். மனு கொடுத்திருக்கோம், காத்திருக்கச் சொல்லியிருக்காங்க, காத்திருக்கோம் என்றாள் பெரியவள். சட்டப்படி அது சரியாக இருந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார்கள். ஜன்னல் கம்பியிலிருந்து அறிவிப்புப் பலகைவரை கயிறு கட்டி ஈரத்துணி காயப்போட்டார்கள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, ஒன்றும் உதிரவில்லை. அம்மா முகம் வாடிப்போயிற்று. சில்லு அழுகிற மாதிரி ஆனாள். அப்போது பெரியவள் வாளிக்குள் கைவிட்டுத் துழாவி, சீப்பு எங்கே என்றாள். நான் எடுக்கலை என்றாள் சில்லு. நீதான் காலையில தலை வாரினே. வாரிட்டு வெச்ச இடத்துலதான் வெச்சேன். எதை எங்க வெச்சாலும் இந்த வீட்டுல காணாமப் போயிடும், என்றார் அப்பா. யாரைச் சொல்றீங்க, என்னையா, என்று அம்மா எழுந்தாள். நாலு பேரும் ஒரு சீப்புக்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். கூடத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சண்டை சூடு பிடித்த நேரத்தில் அறிவிப்புப் பலகையிலிருந்து முதல் எழுத்து இறங்கியது.

அதன் பிறகு நிற்கவில்லை. அறிவிப்புகள் உதிர்ந்தன. அலமாரிகளில் இருந்த கோப்புகள் உதிர்ந்து இடுக்கு வழியாகக் கரிப்பொடி கொட்டியது. கடிகாரத்தின் எண் பன்னிரண்டும் போய் முள் மட்டும் சுற்றியது. கணினித் திரைகளிலிருந்து எழுத்து வழிந்து விசைப்பலகை மேல் குவிந்தது, விசைப்பலகையின் எழுத்தும் அதோடு சேர்ந்துகொண்டது. முத்திரைகள் வழுக்கையாயின. பதினோராயிரம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஒரு தும்மலில் வெள்ளையானது. அதிகாரியின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அவர் பட்டங்கள் கண்ணாடிக்குள்ளேயே உதிர்ந்து அடியில் தங்கின. முப்பது வருஷ அட்டவணையில் கட்டங்கள் மட்டும் மிஞ்சின. மதியத்துக்குள் கணுக்கால் அளவு எழுத்து. பியூன் துடைப்பத்தோடு ஓடிவந்தார். அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருக்காதீங்க தம்பி. நான் எட்டு வருஷம் பெருக்கியிருக்கேன். வேண்டாம்."

அவள் சொன்ன விதத்தில் பியூன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அதிகாரி எழுத்துக்குள் கால் புதைய நடந்து வந்தார். எடுத்துக்கொண்டு போங்கள் இந்தக் காற்றை என்றார். போறோம் சார், ஆனா உதிர்ந்தது உதிர்ந்ததுதான், நாங்க போனா யாரு ஒட்டுவாங்க என்று பெரியவள் கேட்டாள். அலுவலகத்தில் பட்டம் பெற்றவர்கள் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு நாள் முயன்றார்கள். பசை தடவினால் தாள் நைந்தது, எழுத்து விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு குமாஸ்தா மூக்கில் ஒரு முற்றுப்புள்ளியோடு வீட்டுக்குப் போக, அதைப் பார்த்த மனைவியின் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அதிகாரி தூணோரம் வந்து, பாயின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என்ன வேண்டும் என்றார்.

"என் தங்கச்சி தாளை நடுவுல இருந்து படிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"விதி இல்லைன்னு சொன்னேனேம்மா."

"விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

கொண்டுவந்தார்கள். நல்ல தோல் அட்டை. முந்நூறு பக்கமும் பால் மாதிரி வெள்ளை. பெரியவள் ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல், எச்சில் தொட்டுப் புரட்டினாள். "கூடாதுன்னும் இதுல இல்லையே சார்," என்றாள்.

அதிகாரி புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை கடைசிவரை புரட்டினார். பிறகு சில்லுவின் விடைத்தாள் எங்கே என்று கேட்டார். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. எழுதியவளை உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த அவள் கையெழுத்தையே பொறுக்கி அப்பா ஒட்டினார். கூடுதலாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை; மிச்சம் ஒன்றும் விழவில்லை என்பதை அதிகாரியே முட்டிபோட்டுப் பார்த்துக்கொண்டார். நடுவில் விரலை வைத்து, கீழே ஒன்று மேலே ஒன்று என்று மூன்று பேர் திருத்தினார்கள். அறுபத்தெட்டு. கணக்கில் இரண்டு இடத்தில் அவசரப்பட்டிருக்கிறாள், அதற்குப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார்.

அலுவலகத்தை ஒட்டி முடிக்க எழுபது நாள் ஆயிற்று. நாலு பேரால் ஆகாது என்று தெருவில் எழுத்து உதிர்கிற மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களையும் பெரியவள் கூட்டிவந்தாள். சுமை தூக்குகிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், மீன் வெட்டுகிறவள், கழிவறை அடைப்பெடுப்பவர். குமாஸ்தாக்கள் ஞாபகத்திலிருந்து சொல்ல, இவர்கள் தட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். முடிகிற நேரத்துக்குள் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்க வந்துவிட்டது. கணக்காளர் உதவிக்கு வருகிறேன் என்று வந்தார். அவர் வைத்த எழுத்து ஒன்றும் நிற்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து புள்ளி பொறுக்கிக் கொடுத்தார், கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாப் பக்கத்துக்கும் அப்பா நூல் பிடித்துக் கொடுத்ததால் எல்லாமே நடுவிலிருந்து தொடங்கின. விதிப் புத்தகம், வருகைப் பதிவேடு, அதிகாரியின் பட்டங்கள்கூட. சுவரிலிருந்த அட்டவணையைப் பெரியவளே ஒட்டினாள். இருவரும் படித்த வீடு நடுவில் வந்தது, மற்றவை அதைச் சுற்றி மேலும் கீழுமாகப் போயின. யாரும் படிக்காத வீடு எல்லாவற்றுக்கும் மேலே, கூரையோரம் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அதிகாரி பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தலையை அண்ணாந்து படிக்கக் கழுத்து வலிக்கிறது என்று பிற்பாடு சொன்னார்.

சில்லு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாள் போகும்போது, "எனக்கு எல்லாம் ஒட்டியாச்சு. உன்னோடதை யாருக்கா ஒட்டுவாங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள். பெரியவள், நேரமாச்சு போடி என்றாள். அன்று சலவைக்கூடத்தில் அவளும் அம்மாவும் நூற்றெண்பது விரிப்பு மடித்தார்கள். நூற்றெண்பத்தோராவதில் அம்மா முனையை ஒப்படைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நானே மடிச்சுக்கறேன்," என்றாள். "நீ கிளம்பு."

"தனியா எப்படிம்மா மடிப்பே?"

"ஒரு முனையை ஆணியில மாட்டிக்கறேன். கிளம்புடி."

அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பிரிவுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு புது குமாஸ்தா வந்திருந்தார். வரிசையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கஞ்சித் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த கை. அவள் நீட்டிய விண்ணப்பத்தின் மேல்பாதியில் எங்கே தொடங்குவது என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். இங்கெல்லாம் நடுவுல இருந்துதான் சார், பழகிடும், என்றார் அவர். குமாஸ்தா தாளின் நடுவில் விரலை வைத்தார். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று படித்துக்கொண்டு போனார். மேல்படிப்புத் தேர்வில் எடுத்த அறுபத்திரண்டு உட்பட எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை குத்தி, தலை நிமிராமல், மூணாவது அறை, உள்ள போங்க, என்றார்.

மூன்றாவது அறையில் கடைசிப் பெஞ்சில் இடம் இருந்தது. பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது, அவள் முழங்கால் மேசையில் இடித்தது. பெரியவள் இரண்டு காலையும் நடைவழியில் நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.